சிதம்பரோம் தீவுக்கு ஒரு டிக்கெட்

கையில் ஷெங்கன் விசா. பையில் டிக்கெட். பாரிஸ் வரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை. அங்கிருந்து அடுத்த விமானம், கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவுக்கு. கவுண்டரில் இருக்கும் பெண்மணி பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறார். இன்னொரு முறை புரட்டுகிறார். பிறகு உதட்டைப் பிதுக்குகிறார். இந்த விசா அந்த ஊருக்குச் செல்லாது!

'குவாதலூப் பிரான்ஸைச் சேர்ந்ததுதானே? அங்கே ஓடுவதும் யூரோதானே?' என்று நீங்கள் சண்டை பிடிக்கலாம். இரண்டுக்கும் பதில், ஆமாம். பிரான்ஸின் அங்கம், ஐரோப்பிய யூனியனின் அங்கம், பணம் யூரோ, போஸ்ட் ஆபீஸ் பிரெஞ்சு, போலீஸ் பிரெஞ்சு. ஆனால் ஷெங்கன் வளையத்துக்குள் அது இல்லை. எனவே இந்திய பாஸ்போர்ட்காரர்கள் விண்ணப்பிக்கும்போதே, கடல் கடந்த பிரெஞ்சு மாநிலங்களுக்கும் செல்லும்படியான விசாவைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். சில வகை நீண்டகால விசாக்களுக்கு விதிவிலக்கு உண்டு. உங்களுடையது அதில் சேருமா என்று கிளம்புவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது உத்தமம்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. குவாதலூப்புக்குப் போகும் விமானங்களில் பெரும்பாலானவை பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து கிளம்புபவை. இந்தியாவிலிருந்து போகிறவர் இறங்குவது பெரும்பாலும் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் சார்ல் த கோலில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஊருக்குள் நுழைந்துதான் ஆகவேண்டும். அதற்கு ஷெங்கன் விசா. திரும்பி வரும்போது மறுபடியும் பாரிஸில் இறங்குவீர்களே, அதற்கு இரண்டாவது முறை நுழையும் அனுமதி. ஒற்றை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு போனவர் பாடு திண்டாட்டம்தான்.

இவ்வளவு விலாவாரியாக விசா புராணம் பாடக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் இதே தீவுக்குப் போனார்கள். அவர்களிடம் யாரும் விசா கேட்கவில்லை. பெருவிரல் ரேகை மட்டும் போதுமானதாக இருந்தது. ஆனால் அவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகள், 'நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தான்' என்று நிரூபிப்பதற்குப் பத்தொன்பது வருடம் போராட வேண்டியிருந்தது. போராடியவர் பெயர் சிதம்பரம். பிரெஞ்சு குமாஸ்தா எழுதிய ஸ்பெல்லிங்கில், சிதம்பரோம்.

அவரிடம் போவதற்கு முன்னால் தீவைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

பாரிஸிலிருந்து எட்டரை, ஒன்பது மணி நேரப் பயணம். ஜன்னல் ஓர சீட் கிடைத்திருந்தால், இறங்கும்போது கீழே ஒரு பட்டாம்பூச்சி தெரியும். நடுவே ஒல்லியாக ஒரு கடல் கால்வாய், இரண்டு பக்கமும் இரண்டு இறக்கை. இடது இறக்கைக்குப் பெயர் பாஸ்-தேர். 'தாழ்ந்த நிலம்' என்று அர்த்தம். எரிமலை இருப்பது அங்கேதான்! வலது இறக்கை கிராந்த்-தேர், 'பெரிய நிலம்'. இரண்டில் சின்னது அதுதான். கப்பல்காரர்களுக்குக் காற்று வீசும் திசைதான் மேலும் கீழும். பாஸ்-தேர் அந்தக் கணக்கில் வைத்த பெயர்.

பூர்வகுடிகள் இந்தத் தீவை கரூகேரா என்று அழைத்தார்கள். அழகிய நீர்களின் தீவு என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். கொலம்பஸ் 1493 நவம்பரில், தன் இரண்டாவது பயணத்தில் இங்கே வந்து இறங்கினார். ஸ்பெயினில் இருந்த ஒரு மாதா கோயிலின் பெயரைத் தீவுக்கு வைத்தார். அன்னாசிப் பழத்தை ஐரோப்பியர்கள் முதன்முதலில் ருசி பார்த்தது இங்கேதான் என்கிறது வரலாறு. பழத்தைத் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். தங்கம் இல்லாத ஊரில் ஸ்பெயின்காரனுக்கு என்ன வேலை?

1635-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேறொரு தங்கம் கிடைத்தது. கரும்பு.

சர்க்கரை அன்றைக்கு எப்படிப்பட்ட சரக்கு என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். ஏழாண்டுப் போரில் இங்கிலாந்திடம் உதை வாங்கிய பிரான்ஸ், 1763-ல் சமாதானத்துக்கு வந்தது. குவாதலூப் அப்போது இங்கிலாந்தின் கையில். கனடாவும் இங்கிலாந்தின் கையில். இரண்டில் எதைத் திருப்பி வாங்கலாம்? பிரான்ஸ் யோசிக்கவேயில்லை. கனடாவை விட்டுக்கொடுத்து, இந்தத் துளியூண்டு தீவைத் திரும்ப வாங்கிக்கொண்டது! இங்கிலாந்திலோ, பேரத்தில் நாம்தான் ஏமாந்துவிட்டோமோ என்று ஒரு கோஷ்டி முணுமுணுத்தது.

கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டு வந்து இறக்கினார்கள். பிரெஞ்சுப் புரட்சி நடந்த சமயத்தில் தீவில் ஏறக்குறைய தொண்ணூறாயிரம் அடிமைகள் இருந்தார்கள். அங்கே இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் அடிமைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புரட்சி அரசாங்கம் 1794-ல் அடிமை முறையை ஒழித்தது. சந்தோஷம் எட்டு வருடம்தான் நீடித்தது. நெப்போலியன் வந்தார். 1802-ல் படை அனுப்பி, ஒழித்ததை மீண்டும் கொண்டுவந்தார். ஒருமுறை விடுதலை கொடுத்துவிட்டு, அதே ஆட்களின் காலில் அதே சங்கிலியை மறுபடியும் மாட்டுவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். நெப்போலியனின் சாதனைப் பட்டியலில் இதைச் சேர்க்க ஏனோ பலருக்கு மறந்துவிடுகிறது.

எதிர்த்து நின்றவர் லூயி தெல்கிரெஸ். கலப்பினத்தவர், பிரெஞ்சு ராணுவத்தில் கர்னல். எரிமலைச் சரிவில் மாதூபா என்ற இடத்தில் கடைசியாக அவரைச் சுற்றி வளைத்தார்கள். கூட இருந்தவர்கள் சுமார் முந்நூறு பேர். சரணடைந்தால் மறுபடியும் அடிமை வாழ்க்கை. 1802 மே 28 அன்று, தாங்கள் இருந்த கட்டடத்தில் வெடிமருந்தைப் பரப்பி, எதிரிப் படை நெருங்கியதும் தீ வைத்துக்கொண்டார்கள். போராட்டத்தில் பிடிபட்ட சோலித்யூட் என்ற பெண் அப்போது கர்ப்பிணி. பிரசவம் ஆகும்வரை காத்திருந்து, மறுநாள் தூக்கிலிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. பிறக்கும் குழந்தை பண்ணைக்கு ஒரு சொத்து, அதை எதற்கு வீணாக்க வேண்டும் என்கிற கணக்கு.

மாதூபாவுக்கு இன்று காரில் போகலாம். பாஸ்-தேர் நகரத்துக்கு மேலே, ஜிலுஜிலுவென்று இருக்கும் மலைப்பகுதி. எரிமலை ஏறப் போகிறவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தின் வழியாகத்தான் போகிறார்கள். அந்த எரிமலைக்கு சூஃப்ரியேர் என்று பெயர், உயரம் 1,467 மீட்டர். 1976-ல் அது குமுறியபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் மூட்டை முடிச்சோடு வெளியேற்றினார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தும் பெரிதாக ஒன்றும் வெடிக்கவில்லை. வெளியேற்றியது சரியா தப்பா என்று விஞ்ஞானிகள்தான் வெடித்துக்கொண்டார்கள். இப்போது ஏறலாம். காலையிலேயே கிளம்பிவிட வேண்டும், மழைக்கோட்டு அவசியம், உச்சியில் கந்தக வாயு வரும் இடங்களுக்குப் போட்டிருக்கும் வேலியைத் தாண்டக் கூடாது.

அடிமை முறை இரண்டாவது முறையாக, நிரந்தரமாக ஒழிந்தது 1848-ல். குவாதலூப்பில் மே 27 அதற்கான விடுமுறை நாள். அன்றைக்குக் கடை கண்ணி எதையும் நம்பிப் பயணத் திட்டம் போடாதீர்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நம்ம ஊர்க் கதை.

விடுதலை ஆனவர்களுக்கு அரசாங்கம் சல்லிக் காசு கொடுக்கவில்லை. நஷ்ட ஈடு கொடுத்தது முதலாளிகளுக்கு! 'பாவம், அவர்கள் சொத்து போய்விட்டதே.' முன்னாள் அடிமைகளோ கரும்புத் தோட்டத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவே விரும்பவில்லை. மலையோரத்தில் ஒரு துண்டு நிலம், கொஞ்சம் கிழங்கு, கொஞ்சம் வாழை, போதும் என்று ஒதுங்கியவர்கள் ஏராளம். முதலாளிகள் கையைப் பிசைந்தார்கள். மதீராத் தீவுக்காரர்களைக் கொண்டுவந்து பார்த்தார்கள். சீனர்களை, மறுபடியும் ஆப்பிரிக்கர்களை, இந்த முறை 'ஒப்பந்தக் கூலி' என்ற பெயரில். சரிப்படவில்லை. கடைசியில் பாரிஸுக்கு ஞாபகம் வந்தது, இந்தியாவில் நமக்குப் பாண்டிச்சேரி, காரைக்கால் என்று இரண்டு துறைமுகங்கள் இருக்கின்றனவே!

ஒரேலி என்ற கப்பல் 1853-ல் பக்கத்துத் தீவான மார்த்தினிக்குக்கு முதல் தவணை ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது. அதே கப்பல், 1854 டிசம்பர் 24 அன்று முந்நூற்றுச் சொச்சம் இந்தியர்களோடு குவாதலூப்பின் புவான்த்-ஆ-பீத்ர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். ஊரே பண்டிகை ஏற்பாட்டில் இருந்திருக்கும். கப்பலில் வந்தவர்களுக்கு அது என்ன பண்டிகை, இது என்ன ஊர் என்று என்ன தெரிந்திருக்கும்? ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய மூன்று மாதம் கடலில் கிடந்து வந்தவர்கள்.

ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. முடிந்ததும் இலவசமாக ஊருக்குத் திருப்பி அனுப்புவதாக வாக்குறுதி. காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நடைமுறையில், தோட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு, சீட்டு இல்லாமல் ரோட்டில் பிடிபட்டால் 'ஊர் சுற்றி' என்று தண்டனை, வேலைக்கு வராத நாளுக்கு ஒப்பந்தக் காலத்தில் நீட்டிப்பு. ஐந்து வருடம் என்பது ரப்பர் மாதிரி இழுபடும். பழைய அடிமைக் குடிசைகள் காலியாகத்தான் கிடந்தன. அதிலேயே இவர்களைக் குடிவைத்தார்கள்.

ஆரம்பத்தில் பிரெஞ்சுத் துறைமுகங்கள் மட்டும். 1861-ல் பிரான்ஸும் இங்கிலாந்தும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் எடுக்கலாம் என்று ஆனது. பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின. 1854-லிருந்து 1889-க்குள் குவாதலூப்பில் இறங்கிய இந்தியர்கள் 42 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவர்கள் தமிழர்கள். அவர்களில் ஊருக்குத் திரும்பியவர்கள் பத்தாயிரம் பேர்கூட இல்லை. மற்றவர்கள் தங்கிவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. பாதிக்கு மேல் அங்கேயே செத்துப்போனார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பட்டினி, அடி, தற்கொலை.

விஷயம் கேள்விப்பட்டு, பிரிட்டிஷ் இந்திய அரசே 1888-ல் இந்தத் தீவுகளுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதுவும் ரொம்பக் கருணையாளர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் கப்பல்கள் அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தன.

இப்போது சிதம்பரோம்.

ஆன்ரி சிதம்பரோம் 1863-ல், பாஸ்-தேர் பகுதியில் இருக்கும் காப்ஸ்தேர் என்ற ஊரில் பிறந்தார். கொலம்பஸ் வந்து இறங்கிய கடற்கரை இந்த ஊரில்தான். இந்தியத் தொழிலாளர்கள் அடர்த்தியாகக் குடியேறிய பகுதியும் இதுதான். கூலிகளின் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே பள்ளிக்கூட வாசல் தெரிந்த காலத்தில், படித்தவர். உள்ளூர் அரசியலுக்கு வந்தார். காப்ஸ்தேர் நகரசபையில் உறுப்பினர் ஆனார்.

1904-ல் சிக்கல் ஆரம்பித்தது. குவாதலூப்பில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளி இளைஞர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். அன்றைய கவர்னர் இதைப் பார்த்தார். கூடாது என்று ஆட்சேபித்தார். இவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களே இல்லை என்பது அவர் வாதம். இவர்களுடைய அப்பா அம்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், ஆகவே வெளிநாட்டுக்காரர்களின் பிள்ளைகள். இவர்களுக்கு ஏது ஓட்டு?

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அதே சமயத்தில் பாண்டிச்சேரியில், காரைக்காலில் இருந்த தமிழர்கள் பாரிஸ் பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1870-களிலிருந்தே அங்கே அது வழக்கம். ஓட்டுச் சாவடியில் நடந்த தில்லுமுல்லுகள் தனிக் கதை, ஆனால் ஓட்டு இருந்தது. காரைக்காலில் உட்கார்ந்திருந்தவருக்கு ஓட்டு உண்டு. அதே காரைக்காலில் கப்பலேற்றப்பட்டு, பிரான்ஸுக்காகக் கரும்பு வெட்டிச் செத்தவருக்கு, பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்த பிள்ளைக்கு ஓட்டு கிடையாது!

சிதம்பரோம் கோர்ட்டுக்குப் போனார். சட்டம் படித்துப் பட்டம் வாங்கிய பெரிய வக்கீல் அல்ல அவர். ஆனால் பிரெஞ்சுச் சட்டத்தைப் பிரெஞ்சுக்காரர்களுக்கே வாசித்துக் காட்டினார். பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்கள், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், பிரெஞ்சுத் தவிர வேறு நாடு அறியாதவர்கள். இவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் இல்லையென்றால் வேறு யார்? பிரிட்டிஷ்காரர்களா? இங்கிலாந்தில் யாருக்காவது இவர்களைத் தெரியுமா? இந்தியர்களா? இந்தியாவைக் கண்ணால் பார்த்தவர் இவர்களில் யார்?

வழக்கு, மேல் வழக்கு, மனு, மறு மனு. கவர்னர்கள் மாறினார்கள். ஓர் உலகப் போர் வந்துபோனது. சிதம்பரோம் விடவில்லை. அவருக்கு நாற்பத்தொன்று வயதாகும்போது தொடங்கிய சண்டை அது. அறுபதை நெருங்கிய பிறகுதான் முடிந்தது. ரேமோன் புவாங்காரே பிரதமராக இருந்த 1923-ல், இந்திய வம்சாவளியினரும் பிரெஞ்சுக் குடிமக்களே என்பதை பாரிஸ் ஒப்புக்கொண்டது. ஓட்டுரிமை வந்தது. கூடவே கட்டாய ராணுவ சேவையும் வந்தது. உரிமை என்றால் அப்படித்தான், பின்னாலேயே பில்லும் வரும்.

இந்த வழக்கின் விவரங்களை அவரே தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார். 1952-ல், எண்பத்தொன்பது வயதில் இறந்தார். அதற்கு ஆறு வருடம் முன்னால், 1946-ல், குவாதலூப் காலனி என்ற நிலையிலிருந்து பிரான்ஸின் முழு மாநிலமாக மாறியிருந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். பிறகு 1981-லிருந்து 2002 வரை குவாதலூப்பிலிருந்து பாரிஸ் பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பெயர் எர்னெஸ்ட் மூத்துசாமி. நம்ம முத்துசாமிதான்.

பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூலிகளுக்கு இருந்தது ஒற்றைப் பெயர். பிரெஞ்சுப் பதிவேட்டிலோ குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. முத்துசாமி என்ற தாத்தாவின் பெயர் குடும்பப் பெயர் ஆனது. ராமசாமி, வீராசாமி, வைத்திலிங்கம், மீனாட்சி எல்லாம் அப்படியே குடும்பப் பெயர்கள். குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. குவாதலூப்பில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் கொஞ்ச நேரத்தில் ஒன்றாவது அகப்படும். ஆனால், பார்த்த சந்தோஷத்தில் உள்ளே போய்த் தமிழில் பேசிவிடாதீர்கள். ஒரு வார்த்தை புரியாது. பேசுவது பிரெஞ்சு, வீட்டில் கிரியோல். ஆங்கிலமும் ஓட்டல்களைத் தாண்டினால் தகராறுதான். கையடக்கமாக ஒரு பிரெஞ்சு வாக்கியப் புத்தகம் இருந்தால் நல்லது.

மொழி போயிற்று. சாமி போகவில்லை. காப்ஸ்தேரில் ஷாங்ஜி என்ற இடத்தில், பெரிய ரோட்டின் ஓரத்திலேயே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அவர்கள் வாயில் அம்மன் 'மாலியெமின்'. பூசாரியை 'பூசாரி' என்றுதான் சொல்கிறார்கள். தப்பு அடிக்கிறார்கள், அதற்கும் 'தாபு' என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, அம்மனுக்கு ஆடு வெட்டிப் பொங்கலிடும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரிவதில்லை, தெரியவும் தேவையில்லை. பூஜையில் பாடுகிற தமிழ்ப் பாட்டுகளை ரோமன் எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துப் பாடுவார்கள். அர்த்தம் தெரியாது. தலைமுறை தலைமுறையாக ஓசை மட்டும் கைமாறி வந்திருக்கிறது. 'நாத்ரோன்' என்று ஒரு கூத்து உண்டு. நாடகம் என்ற சொல்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்கிறவர் வாத்தியார், மதுரைவீரன் கதையை ராத்திரியெல்லாம் ஆடியிருக்கிறார்கள்.

சாப்பாட்டிலும் தேடினால் கிடைக்கும். எந்த ஓட்டலிலும் மெனுவில் 'கொலம்போ' இருக்கும். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த பொடியில் ஆட்டுக்கறியோ கோழியோ போட்டு வைக்கும் குழம்பு. குழம்பு என்ற சொல்தான் கொலம்போ ஆனது என்கிறார்கள் சிலர். இலங்கையின் கொழும்புதான் காரணம் என்கிறார்கள் சிலர். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு நீங்கள் எந்தக் கட்சி என்று முடிவு செய்துகொள்ளலாம். காரம் நம் அளவுக்கு இருக்காது. கேட்டால் தனியாக மிளகாய் தருவார்கள், அது விஷயத்தில் ஜாக்கிரதை. அங்கே விளையும் குண்டு மிளகாய் நம்ம ஊர் மிளகாயைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பெண்களின் பாரம்பரிய உடையில் தலைக்கட்டு, பாவாடை எல்லாம் கட்டம் போட்ட பருத்தித் துணி. அந்தத் துணிக்குப் பெயர் 'மத்ராஸ்'. இது கூலிக் கப்பல்களுக்கும் முன்னாலேயே, வியாபாரக் கப்பல்களில் நம்ம கடற்கரையிலிருந்து போய்ச் சேர்ந்த சரக்கு. ஆகஸ்டில் புவான்த்-ஆ-பீத்ரில் சமையல்காரப் பெண்களின் திருவிழா ஒன்று நடக்கும். மத்ராஸ் துணி உடுத்தி, பலகாரக் கூடைகளைத் தலையில் சுமந்து ஊர்வலமாகச் சர்ச்சுக்குப் போவார்கள். ஆகஸ்டில் போகிறவர்கள் தேதி விசாரித்துப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் ஆகஸ்ட் என்றால் புயல் காலம். ஜூன் முதல் நவம்பர் வரைக்கும் மழையும் புயலும். 1989 செப்டம்பரில் அடித்த ஹியூகோ தீவை நாசம் பண்ணியது. 2017 செப்டம்பரில் மரியா வந்தது. டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவு, வெயில் இதம், ஓட்டல் வாடகை உச்சத்தில். டிக்கெட் விலையும் அப்படியே.

விலைவாசி பொதுவாகவே கடிக்கும். ஏகப்பட்ட சாமான் பிரான்ஸிலிருந்து கப்பலில் வருகிறது. பாரிஸ்காரனே வாயைப் பிளக்கும் விலை. இதை எதிர்த்து 2009-ல் தீவு முழுக்க நாற்பத்து நான்கு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பெட்ரோல் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, எதுவும் இல்லை. அப்புறமும் விலை இறங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது. பஸ் உண்டு, ஆனால் சாயங்காலத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதை நம்பி நின்றால் நிற்க வேண்டியதுதான். வாடகைக் கார்தான் வழி. இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டை இந்தியாவிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே ரோட்டின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். லே சேந்த், மாரி-கலாந்த் போன்ற குட்டித் தீவுகளுக்குப் படகு இருக்கிறது. காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம்.

கடற்கரையில் ஒரு மரத்தைப் பற்றி எச்சரித்தே ஆகவேண்டும். மான்சினீல். பச்சையாக, சின்ன ஆப்பிள் மாதிரி காய்க்கும். காய் விஷம், பால் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைப் பொசுக்கிவிடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விஷமும் இருக்கிறது. காப்ஸ்தேர் பக்கம் கரும்பு போய் வாழை வந்து பல காலம் ஆகிறது. அந்த வாழையில் வண்டு பிடிக்கிறது என்று குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தை 1972-லிருந்து 1993 வரை தெளித்தார்கள். பிரான்ஸ் பெருநிலத்தில் 1990-லேயே தடை செய்த மருந்து. தீவுகளுக்கு மட்டும் மூன்று வருட விதிவிலக்கு! அது மண்ணை விட்டுப் போகாது, நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். மண்ணிலிருந்து கிழங்குக்கு, ஓடைக்கு, மீனுக்கு. இன்றைக்குத் தீவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அதன் தடயம் இருக்கிறது. யார் பொறுப்பு என்று கேட்டுப் போட்ட வழக்கை 2023 ஜனவரியில் நீதிபதிகள் விசாரணை நிலையிலேயே முடித்து வைத்துவிட்டார்கள். வாழைத் தோட்டத்தில் மருந்து தூவியவர்களில் கூலிக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். நான்கு நாள் வந்துபோகிறவருக்கு இதனால் பயமில்லை. கடையில் சோதித்து விற்கும் காய்கறியைச் சாப்பிடலாம். ரோட்டோரத்தில் யாரோ விற்கும் கிழங்கு, ஓடை மீன், இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். குழாயில் தண்ணீர் சில நாள் வராது. பழைய பைப்புகள், முறை வைத்துத்தான் விடுகிறார்கள். சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புவான்த்-ஆ-பீத்ரில், பழைய தர்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் அடிமை வரலாற்றுக்கு ஒரு பெரிய நினைவு மையம் கட்டியிருக்கிறார்கள். 2015-ல் திறந்தது. கறுப்புச் சுவர், அதன்மேல் வெள்ளி வேர்கள் படர்ந்த மாதிரி ஒரு கட்டடம். திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

அங்கிருந்து காப்ஸ்தேருக்கு, டிராஃபிக் தொந்தரவு இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். காலையில் சீக்கிரம் கிளம்பினால் கார்பே அருவியையும் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டாவது அருவி வரைக்கும் நல்ல நடைபாதை இருக்கிறது. ஷாங்ஜி கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், போட்டோ எடுப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பூசாரி இருந்தால் ஊர் எது என்று கேட்பார். காரைக்கால், பாண்டிச்சேரி என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்.